ஏஎஸ்ஏ 5505-இன் பிளாஷ் கார்டை மாற்றும்போது: எந்தக் கார்டு, எந்த வழி?

நெட்வொர்க்கின் வாசலில் நின்று போக்குவரத்தை வடிகட்டும் பெட்டியான சிஸ்கோ ஏஎஸ்ஏ 5505 ஃபயர்வாலுக்கான உற்பத்தியாளர் ஆதரவு 2022 ஆகஸ்டோடு முடிந்துவிட்டது. இணையத்தை நேரடியாக எதிர்கொள்ளும் இடத்தில் அதை இன்னும் வைத்திருப்பவர் கார்டைத் தேடி அலையாமல் பெட்டியையே மாற்றிவிட வேண்டும். ஆய்வுக்கூடத்திலோ பயிற்சி வகுப்பிலோ உள் நெட்வொர்க்குகளைப் பிரிக்கும் வேலையிலோ அது ஓடிக்கொண்டிருந்தால்தான், உள்ளே இருக்கும் 128 எம்பி காம்பாக்ட் பிளாஷ் கார்டு தேய்ந்துபோகும்போது அதன் இடத்தில் எதைச் செருகுவது என்ற கேள்விக்குப் பொருள் உண்டு.

தேர்வுகள் மூன்று: கேமராவுக்கென விற்கப்படும் சாதாரணக் கார்டு, தொழிற்சாலைத் தரத்து எஸ்எல்சி கார்டு, எஸ்டி கார்டை ஏற்கும் காம்பாக்ட் பிளாஷ் அடாப்டர். விற்பவர்கள் முதலில் எடுத்துச் சொல்வது எழுதும் ஆயுளைத்தான். ஒரு செல்லில் ஒரே ஒரு பிட்டை வைக்கும் எஸ்எல்சி வகையில் ஒரு செல்லை ஏறக்குறைய 1,00,000 முறை அழித்து எழுதலாம். ஒன்றுக்கு மேற்பட்ட பிட்டுகளைத் திணிக்கும் எம்எல்சியில் அது சில ஆயிரங்களில் நின்றுவிடும். ஆனால் ஏஎஸ்ஏ தொடங்கும்போது இயக்க மென்பொருளைக் கார்டிலிருந்து நினைவகத்துக்கு ஏற்றிக்கொண்டு அங்கிருந்தே ஓடுகிறது. அதன்பின் நாம் அமைவை, அதாவது பெட்டிக்குக் கொடுத்த விதிகளின் தொகுப்பை, சேமிக்க ‘ரைட் மெமரி’ கட்டளை கொடுக்கும்போதும் கோப்பு ஏற்றும்போதும் தவிரப் பெரும்பாலும் கார்டில் எழுதுவதில்லை. நாளொன்றுக்குப் பத்து முறை சேமிக்கும் பதற்றக்காரர்கூட ஆண்டுக்கு 3,650 முறைதான் எழுதுவார். அதுவும் சில பத்து கேபி அளவே உள்ள கோப்பு. பிஎஃப்சென்ஸ் போன்ற, சாதாரணக் கணினியில் நிறுவும் ஃபயர்வால் மென்பொருள்களின் முழு நிறுவலில் கதை வேறு. அங்கே பதிவேடுகள் ஓயாமல் வட்டில் விழும். அதனால்தான் 2017-இல் 2.4 பதிப்பு வரும்வரை, கார்டைப் படிக்க மட்டும் திறந்து, மாறும் கோப்புகளை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் நானோபிஎஸ்டி என்ற தனி வடிவத்தையும் அவர்கள் தந்துவந்தார்கள்.

அப்படியானால் 5505-க்கு எஸ்எல்சி வீண் செலவா? இல்லை என்பேன், ஆனால் என் காரணம் வேறு. இந்தப் பெட்டியில் விசிறி கிடையாது. மூடிய அலமாரியில் நாள் முழுவதும் சூட்டிலேயே கிடக்கும் கார்டுக்கு, கேமரா கார்டுகளில் வழக்கமான 70 பாகை வரம்பைவிடத் தொழிற்சாலைத் தரத்தின் 85 பாகை வரம்பு மேலும் கொஞ்சம் மூச்சுவிட இடம் தருகிறது. மேலும், கேமரா கார்டுகள் தம்மைக் கழற்றக்கூடிய சாதனமாகவும் தொழிற்சாலைக் கார்டுகள் நிலையான வட்டாகவும் அறிவித்துக்கொள்வது வழக்கம்; நிலையான வட்டை எதிர்பார்க்கும் பெட்டி மற்றதை ஏற்காமல் போகலாம். ஒரே பெயரில் விற்கும் கேமரா கார்டின் உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் (கார்டை இயக்கும் சில்லு) ஆண்டுக்கு ஆண்டு சொல்லாமலே மாறுவதால், நண்பரின் பெட்டியில் ஓடியது நம் பெட்டியில் ஓடும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. எஸ்டி அடாப்டரைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. மொழிபெயர்ப்புச் சில்லு ஒன்றும், தளரக்கூடிய தொடர்பிடம் ஒன்றும் கூடுதலாகச் சேர்கின்றன, அவ்வளவே. 512 எம்பி அல்லது 1 ஜிபி எஸ்எல்சி கார்டு போதும். பழைய மென்பொருளையும் புதியதையும், பெட்டியைத் திரையில் நிர்வகிக்க உதவும் ஏஎஸ்டிஎம் கருவியின் கோப்பையும் அருகருகே வைத்துக்கொள்ள 128 எம்பியில்தான் நெருக்கடி.

கார்டைவிட அதை மாற்றும் வழியில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பழைய கார்டைக் கார்டு ரீடரில் போட்டு முழுப் பிம்பமாக, அதாவது கோப்புகளாக அல்லாமல் பிட் பிட்டாக, புதியதற்கு நகலெடுப்பது ஒரு வழி. தொடக்க அமைவும் உரிமத்துக்கான ஆக்டிவேஷன் கீயும் பிளாஷில் மறைவுக் கோப்புகளாகவே இருப்பதால், எதையும் தட்டச்சு செய்யாமல் அவை அப்படியே வந்துசேரும் என்பது இதன் பெரிய வசதி. கண்ணில் படும் கோப்புகளை மட்டும் இழுத்துப் போட்டால் அந்த வசதி கிடைக்காது. ஆனால் பழைய கார்டு ஏற்கெனவே படிப்புப் பிழை காட்டுகிறதென்றால் அந்தப் பிழையும் சேர்ந்தே நகலாகும்; பெரிய கார்டு வாங்கியிருந்தாலும் கோப்பமைப்பு பழைய 128 எம்பியிலேயே நின்றுவிடும்.

மற்றது, புதிய கார்டைச் செருகிய பெட்டியைக் கன்சோல் கம்பியில் 9600 வேகத்தில் இணைத்து, தொடங்கும்போது எஸ்கேப் விசையைத் தட்டி, இயக்க மென்பொருள் இல்லாமலே கட்டளைகளை ஏற்கும் ராம்மான் நிலைக்குப் போய், முகவரி, சர்வர், கோப்புப் பெயர் ஆகியவற்றைக் கொடுத்து டிஎஃப்டிபி என்ற எளிய கோப்புப் பரிமாற்ற முறை மூலம் மென்பொருளை ஏற்றும் வழி. ஏறிய மென்பொருள் நினைவகத்தில் மட்டுமே இருக்கும் என்பதால், கார்டை ஃபார்மேட் செய்து அதே கோப்பை மறுபடி கார்டுக்கு நகலெடுத்தாக வேண்டும். ஒரு மணி நேர வேலை. ஆனாலும் நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான், ஏனெனில் பழைய கார்டின் குப்பை எதுவும் புதியதற்கு வராது.

எந்த வழியானாலும் கார்டு சாகும் அறிகுறி தெரிந்தவுடன் பெட்டியை அணைக்கக் கூடாது. ஓடும் அமைவு நினைவகத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. முதலில் ‘ஷோ ஆக்டிவேஷன்-கீ’ கொடுத்து வரும் பதினாறடிமான எண்களை எழுதிக்கொள்ள வேண்டும். அந்தக் கீ அந்தப் பெட்டியின் வரிசை எண்ணுக்கு மட்டுமே பொருந்தும். அமைவை எடுக்க வழக்கமான ‘ஷோ ரன்னிங்-கான்ஃபிக்’ உதவாது. தொலைவிலுள்ள நெட்வொர்க்குகளை மறைகுறியிட்டு இணைக்கும் விபிஎன்னின் பகிர்வுக் கடவுச்சொற்கள் அதில் வெறும் நட்சத்திரக் குறிகளாகவே தெரியும். ‘மோர் சிஸ்டம்:ரன்னிங்-கான்ஃபிக்’ கொடுத்தால்தான் அவை எழுத்து எழுத்தாக வரும். இதை மறந்து, நட்சத்திரங்களையே கவனமாகச் சேமித்துவைத்த நான், மறுமுனைகளில் இருப்பவர்களிடம் ஒவ்வொரு கடவுச்சொல்லாகக் கேட்டு வாங்க ஒரு மாலை முழுவதும் செலவழித்தேன்.

எல்லாம் ஏறியபின் ‘ரைட் மெமரி’ கொடுத்து, மின் இணைப்பையே பிடுங்கி மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். விபிஎன் இணைப்புகளான டன்னல்கள் தாமாக எழுந்தால், பழைய கார்டை உறையில் போட்டுப் பெட்டியின் வரிசை எண்ணை மேலே எழுதி எடுத்துவைக்கலாம்.