அம்மம்மாவுக்குப் படப் பரிசு: சிப்பி பிறேமா, பலகையா, தைத்த அல்பமா?

போன தையில் அம்மம்மாவுக்கு 75. பேரப்பிள்ளைகள் ஆறு பேரும் தலைக்கு 500 ரூபாய் போட்டோம். அந்த 3,000க்குள் கையால் செய்த படப் பரிசு ஒன்று குடுப்பதென்பதில் எல்லாருக்கும் சம்மதம். எதைச் செய்வதென்பதில்தான் சண்டை.

படம் அடித்த கோப்பை முதல் நாளே கழிந்தது. அதைக் கடைக்காரர்தான் செய்வார், நாங்கள் இல்லை. அதோடு அம்மம்மா தேத்தண்ணி குடிப்பது சில்வர் பேணியில்.

சின்னத் தங்கச்சி சிப்பி ஒட்டிய பிறேமில் நின்றாள். "அக்கா, அம்மம்மாவுக்கு மூக்குக்கண்ணாடி போடாமலே தெரியவேணும். பெரிசா ஒரு படம் போதும்" என்றாள். நியாயமான பேச்சு. திருகோணமலையில் எங்கள் உப்புவெளிக் கரையில் குனிந்தால் சிப்பிக்குக் குறைவில்லை. புறாத்தீவுப் பக்கம் மட்டும் போகவேண்டாம், 2003 முதல் அது தேசியப் பூங்கா, ஒரு பவளத் துண்டுகூட எடுக்கக்கூடாது. உயிர் இல்லாத வெறும் சிப்பியாய்ப் பார்த்து, நல்ல தண்ணீரில் இரவெல்லாம் ஊறவிட்டு, இரண்டு மூன்று தரம் தண்ணீர் மாற்றிக் காயவைக்க வேண்டும். உப்பு மிஞ்சினால் அது ஈரத்தை இழுக்கும், பசை விட்டுவிடும். மாரியில் செய்கிறவர்கள் காய்வதற்கு இரண்டு மடங்கு நாள் வையுங்கள். படம் கண்ணாடியில் முட்டவும் கூடாது. எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது முகம் கண்ணாடியோடு வந்துவிடும். இடையில் தடித்த மட்டையில் ஒரு விளிம்பு வெட்டி வையுங்கள். இதில் காசு பெரிய பிரின்டுக்கும் கண்ணாடிக்கும் போகும். பழைய பிறேம் கையில் இருந்தால் இதைவிட மலிவு வேறில்லை.

பலகையில் படம் இறக்குவது என் ஆசை. லேசர் பிரின்டை இடம் வலம் மாற்றி எடுத்து, வெள்ளை மரப்பசை பூசிய பலகையில் முகம் கீழே வர ஒட்டி, ஒரு இரவு காயவிட்டு, நனைத்துக் கடதாசியை விரலால் உரசி எடுப்பது. மை பீச்சும் பிரின்டர் சரிவராது, பெரும்பாலும் நனைந்ததும் கரையும். சோதனைக்கு அம்மம்மாவின் கோயில் படமொன்றைப் போட்டேன். வெள்ளைச் சேலை பலகை நிறமாய்ப் போச்சு! லேசர் பிரின்டரில் வெள்ளை மை கிடையாது, வெள்ளை என்பது கடதாசியின் நிறம். கடதாசி போனால் அதுவும் போகும். கடற்கரைக் காட்சிக்கு அழகு. முகத்துக்கு நான் சொல்லமாட்டேன்.

மிஞ்சியது அல்பம். வேலை கூடியதும் இதுதான், நான் கடைசியில் பிடிவாதமாய் நின்றதும் இதில்தான். எங்கள் வீட்டில் பெரியாக்களின் பழைய படமே இல்லை. 2004 டிசம்பர் 26ந் திகதி கடல் வந்தபோது அலுமாரியோடு எல்லாம் போனது. பிறேமுக்கு ஒரு படம் போதும், அந்த ஒன்றைத் தெரிவு செய்துவிட்டால் மற்றதைத் தேட ஒருவரும் மினக்கெடமாட்டார்கள். அல்பம் என்றதும்தான் மட்டக்களப்புப் பெரியம்மா பெட்டியைத் திறந்தா. கலியாண வீட்டுப் படங்களில் ஓரத்தில் நின்ற அப்பப்பாவும் வந்து சேர்ந்தார்.

தேடும்போது இரண்டு விஷயம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாய் அனுப்பினால் படம் சுருங்கிவிடும், டொக்கியுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். 5×7 அங்குலப் பிரின்ட் தெளிவாய் வர 1500×2100 பிக்சல் வேண்டும். பழைய சிறிய படத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கான் பண்ணினால் இரண்டு மடங்கு பெரிதாக்கலாம். தங்கச்சியின் மூக்குக்கண்ணாடி வழக்குக்கும் அதுதான் பதில்: 4×6 வேண்டாம் என்று எல்லாவற்றையும் 5×7இல் எடுத்தோம். காசில் பெரும்பங்கு அதற்கே போனது.

ஐந்து ஏ3 தடிப்புக் கடதாசியை நடுவில் மடித்தால் 20 பக்கம். மடிப்பில் ஐந்து துளை போட்டு, மெழுகுதிரியில் இழுத்த நூலால் தைக்கலாம். ஒவ்வொரு தாளுக்கும் நடுவே மடிப்போரம் ஒரு மட்டைக் கீற்று வைத்துத் தைக்காவிட்டால் படம் ஒட்டியபின் அல்பம் வாய் பிளந்து நிற்கும். எங்கள் முதல் அல்பம் அப்படித்தான் நின்றது. படத்தின் முதுகில் பசை பூசவே இல்லை, கடதாசியில் முக்கோண மூலை மடித்து அதில் செருகினோம். ஒட்டும் பக்கமுள்ள கடை அல்பத்தில் காலப்போக்கில் பசை மஞ்சளாகிப் படத்தையும் பிடித்துக்கொள்ளும். அட்டைக்கு அம்மம்மாவின் கிழிந்த நூல் சேலை. பெயர்களைப் படத்தின் பின்னால் பென்சிலால் மெதுவாய் எழுதினோம். பேனை அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும்.

17 படம்தான் கிடைத்தது. மூன்று பக்கம் வெறுமையாய்க் கிடக்க, அம்மம்மா முதலில் கேட்டது அதைத்தான். ரொறன்ரோ மாமாவின் பெட்டியில் இன்னும் இரண்டு இருக்கிறதாம். தபாலில் போடாதேங்கோ, ஸ்கான் பண்ணி அனுப்புங்கோ என்று சொல்லி வைத்திருக்கிறோம்.