மான் பண்ணையா, சேலம் கருப்பு ஆடா?

நியூசிலாந்து மான் பண்ணை வீடியோவைப் பார்த்துவிட்டு, தர்மபுரிப் பக்கம் நிலம் வைத்திருக்கும் தம்பிகள் "இங்கேயும் வளர்க்கலாமாண்ணா?" என்று கேட்கிறார்கள். முடியாது. புள்ளிமானும் கடமானும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. குட்டியைப் பிடித்து வீட்டில் கட்டினாலே வழக்கு.

சட்டத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் என் ஓட்டு ஆட்டுக்குத்தான். நியூசிலாந்தில் அதிகம் வளர்ப்பது செம்மான் (red deer). சினைக்காலம் ஏறக்குறைய 233 நாள், பெரும்பாலும் ஒரே குட்டி. சேலம் கருப்பு ஐந்து மாதத்தில் ஈன்றுவிடும், இரட்டைக் குட்டியும் உண்டு. மானுக்கு ஆறடிக்கு மேல் கம்பி வேலி வேண்டும். மிரண்டால் அதிலேயே மோதிக் கழுத்தை முறித்துக்கொள்ளும். ஆடோ, கருவேலங்காயை உலுக்கினால் ஓடிவரும்.

மானுக்கென்று தனி வருமானம் ஒன்று உண்டு: கொம்பு. பூமயிர்த் தோல் போர்த்தி, உள்ளே ரத்தம் ஓடும் பருவத்திலேயே, மரத்துப்போக ஊசி போட்டு அறுக்கிறார்கள். சீனாவுக்கும் கொரியாவுக்கும் மருந்துக்காகப் போகிறது. அடுத்த ஆண்டு மறுபடி முளைக்கும். ஆனால் அதற்குக் குளிர்பதனக் கிடங்கு, ஏற்றுமதி, வாங்க ஆள் எல்லாம் வேண்டும். ஆட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி சந்தை போதும். அவசரத்துக்கு ஒரு கிடாயை ஓட்டிப்போனால் மதியத்துக்குள் கையில் காசு.