தகரக் கூரையின் சூட்டைத் தடுக்க எது பொருந்தும்: ஃபாயிலா, ராக்வூலா, ஃபோமா, பெயிண்டா?

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் பழைய தோட்டத்து வீட்டை வாங்கிப் புதுப்பிக்கிறவர்கள் முதலில் சுவரைத்தான் தட்டிப் பார்க்கிறார்கள். இடுப்புவரை செங்கல், அதற்கு மேல் பலகை, உச்சியில் தகரம் என்று நிற்கிற வீட்டில் சூடு இறங்குவது கூரையிலிருந்து. நிலநடுக்கோட்டுக்கு 5 டிகிரிக்குள் இருக்கிற ஊர் இது; மத்தியான வெயில் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே. காய்ந்த தகரம் 60 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். சுவரில் மேற்குப் பக்கத்துக்கு மட்டும் ஒரு தாழ்வாரம் இறக்கினால் போதும். காசு கூரைக்குப் போகட்டும்.

காற்றுக் குமிழிகள் கொண்ட அலுமினியத் தாளான பபிள் ஃபாயில்தான் மலிவு. ஆனால் பாதிப் பேர் இதைத் தப்பாகவே அடிக்கிறார்கள். தகரத்தோடு ஒட்டி அடித்தால் சூடு நேராக அதற்குள் ஏறிவிடும். பளபளப்புக்கு வேலையே இல்லை. கூரைச் சட்டத்தின் அடியில், பளபளக்கிற பக்கம் கீழே பார்த்து, தகரத்துக்கும் அதற்கும் குறைந்தது 25 மி.மீ. இடைவெளி விட்டு இழுத்துக் கட்ட வேண்டும். பளபளக்கிற பக்கம் மேலே இருந்தால் ஓரிரண்டு வருடத்தில் தூசி படிந்து பலன் குறைந்துபோகும். ஒரு ஷீட்டின் ஓரத்தை அடுத்ததன் மேல் 150 மி.மீ. ஏற்றி அலுமினிய டேப் ஒட்டுங்கள். அலுமினியத்தில் கரண்டு பாயும். தோல் உரிந்த பழைய ஒயர் மேலே கிடந்தால் ஸ்டேப்ளரைத் தொடாதீர்கள். முதலில் ஒயர்மேன்.

ராக்வூல் என்பது கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சு, சீலிங் மேல் பரப்புவது. மழைச் சத்தத்தையும் இதுதான் நன்றாக அடக்கும். 600 சதுர அடி வீட்டுக்கு 600க்கு 1200 மி.மீ. பலகை சுமார் 80 வாங்க வேண்டும். 50 மி.மீ. கனம், கன மீட்டருக்கு 60 கிலோ அடர்த்தி என்றால் மொத்த எடை 170 கிலோ பக்கம். ஆணி துருப்பிடித்த பழைய சீலிங் இதைத் தாங்குமா என்று பார்த்துவிட்டு ஏற்றுங்கள். சீலிங்கில் பதிந்த விளக்கைச் சுற்றி 75 மி.மீ. விடுங்கள், மூடினால் விளக்கு வெந்துபோகும். மலேசியாவின் எம்எஸ் 1525 தரநிலை எடை குறைந்த கூரைக்குச் சொல்லும் யூ மதிப்பு, அதாவது சூடு கடந்துபோகும் அளவு, அதிகபட்சம் 0.4; குறைந்தால் நல்லது. 50 மி.மீ. ராக்வூல் தனியாக அதை எட்டாது. ஃபாயிலும் காற்றிடைவெளியும் சேர்ந்தால் கிட்டே வரும்.

ஏர்கோன் அறையில் ஒரு சிக்கல். குளிர்நாட்டு வீடியோக்கள் ஈரத் தடுப்பு ஷீட்டை அறைப் பக்கம் போடச் சொல்லும். இங்கே ஈரக்காற்று வெளியிலிருந்து குளிர்ந்த சீலிங்கை நோக்கி வருகிறது. ஷீட் ராக்வூலுக்கு மேல்தான் வர வேண்டும். மாற்றிப் போட்டால் வூல் நனைந்து சீலிங்கில் கறை தெரியும்.

தெளித்து ஒட்டவைக்கும் பியூ (பாலியூரித்தேன்) ஃபோம் அதே கனத்தில் எல்லாவற்றையும் விட நன்றாகத் தடுக்கும், சந்தேகமில்லை. பழைய தகரத்துக்கு மட்டும் வேண்டாம். ஆணித் துளையில் ஒழுகினால் தண்ணீர் ஃபோமுக்குள் ஓடி வேறெங்கோ சொட்டும். துரு உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. தகரத்தை மாற்ற நேர்ந்தால் ஃபோமும் சேர்ந்தே போகும். எரிந்தால் புகை விஷம்.

வெப்பம் திருப்பும் வெள்ளைப் பெயிண்ட் துணைக்கு நல்லது. செம்பனைத் தோட்ட ஓரத்து ஈரத்தில் பாசி பிடித்துக் கறுத்ததும் பலன் இறங்கும், பிறகு கழுவி மறுபடி அடிக்க வேண்டும்.

ஆகவே எல்லா அறைக்கும் ஃபாயில், படுக்கையறை சீலிங்குக்கு மட்டும் ராக்வூல். அதற்கு முன் ரப்பர் வாஷர் வெடித்த ஆணிகளைக் கழற்றி வாஷர் வைத்த ஸ்குரூவாக மாற்றி, ஒரு பெருமழை பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கூரை தகரமில்லாமல் சாம்பல் நிற அஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் அதைத் துளைக்கவோ சுரண்டவோ அறுக்கவோ கூடாது. அதற்கென்று பழகிய ஆட்களைக் கூப்பிடுங்கள்.