பிலடெல்பியா கலை அருங்காட்சியகம்: உள்ளே இருக்கும் படிக்கட்டுக்காகப் போங்கள்

பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்களில் பலர் வாசல் படிகளில் ஓடி ஏறி, இரண்டு கையையும் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். ஒரு குத்துச்சண்டைத் திரைப்படம் செய்த வேலை. உள்ளே வேறொரு படிக்கட்டு இருக்கிறது. என்னைக் கேட்டால், கொடுத்த டிக்கெட் காசு அதற்கே சரியாகிவிட்டது என்பேன்.

அமெரிக்க ஓவியர் சார்லஸ் வில்சன் பீல் 1795இல் வரைந்த ஓவியம் அது. ஏறத்தாழ ஏழரை அடி உயரம். சுழல் படிக்கட்டில் கால் வைத்துவிட்ட மகன் ரஃபேல், கையில் வண்ணத்தட்டும் நீளக் கோலுமாக நம்மைத் திரும்பிப் பார்க்கிறான். மேலே வளைவிலிருந்து தம்பி டிஷன் எட்டிப் பார்க்கிறான். சுற்றிலும் சட்டத்துக்குப் பதில் ஒரு கதவு நிலை. அடியில் மரத்தில் செய்த நிஜப் படி ஒன்று கூடத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. பள்ளியில் ஓவியம் கற்பித்துப் பிழைத்தவன் நான், இந்த வித்தைகள் தெரியும். தெரிந்தும் கால் தானாக முன்னே போயிற்று. ஜார்ஜ் வாஷிங்டனே இந்தப் பையன்களுக்குத் தலை வணங்கினார் என்று இன்னொரு மகன் ரெம்பிராண்ட் பின்னாளில் எழுதினார். மகன் சொன்ன கதை, கொஞ்சம் கழித்தே எடுத்துக்கொள்ளலாம்.

வரைந்த படியொன்றில் ஒரு சீட்டு கிடக்கிறது, குனிந்து பாருங்கள். பீல் சொந்தமாக நடத்திய அருங்காட்சியகத்தின் நுழைவுச்சீட்டு! பிள்ளைகளின் படத்திலேயே கடை விளம்பரத்தையும் முடித்துக்கொண்ட மனிதர்.

சேணம் தைக்கும் தொழிலிலிருந்து வந்தவர், லண்டனில் ஓவியர் பெஞ்சமின் வெஸ்டிடம் பயின்றவர். பிள்ளைகளில் பலருக்கு ரஃபேல், ரெம்பிராண்ட், ரூபன்ஸ், டிஷன் என்று ஓவியர்களின் பெயர்களையே வைத்தார். தம்பி ஜேம்ஸுக்கும் கற்றுக்கொடுத்தார். இவரது உருவப்படங்களில் எனக்கு ஒரு குறை உண்டு: யாரை வரைந்தாலும் அதே நீள்வட்ட முகம், ஊரே ஒரே வீட்டுப் பிள்ளைகள் போல் இருக்கிறது. அந்த முகம் வரையும் வேலை ரஃபேலுக்கு ஒட்டவில்லை. அப்பா விரும்பிய உருவப்படத்தை விட்டு அவர் பழமும் கிண்ணமும் வரையப் போனார். அந்தத் துறையில் அமெரிக்காவின் முன்னோடி என்று இன்று அவரைத்தான் சொல்கிறார்கள். டிஷன் 1798இல் மஞ்சள் காய்ச்சலில் இறந்தான். அடுத்த ஆண்டு பிறந்த தம்பிக்கும் அதே பெயரை வைத்தார் தந்தை.

பெண்களைப் பற்றிப் பேசாமல் விடுவது நியாயமில்லை. ஜேம்ஸின் மகள்கள் அன்னா, சாரா இருவரையும் பென்சில்வேனியா நுண்கலைக் கழகம் 1824இல் உறுப்பினர்களாக ஏற்றது. சாரா உருவப்படம் வரைந்தே காலம் தள்ளியவர். பெரியப்பாவை விட அவருக்குத் துணி மடிப்பு நன்றாக வரும் என்பது என் கட்சி.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை: நேரே படியருகில் போய் நிற்காதீர்கள். பத்தடி தள்ளி, கூடத்தின் குறுக்கே வேறெதையோ பார்க்கப் போகிறவர்போல் நடந்து, கடைக்கண்ணால் பாருங்கள்.