விபாட்டா, ஈஎன் தரநிலையா, சான்றிதழா? அரச இணைய வேலைக்கு எந்த நிபந்தனை நம்ம ஆட்களுக்கு உதவும்

ஹட்டனில் நான்கு பேர் வேலை செய்யும் சின்ன மென்பொருள் நிறுவனம் எங்களுடையது. பெரும்பாலும் அரச அலுவலகங்களுக்குத்தான் தளமும் படிவமும் செய்கிறோம். ஆகவே விலைமனுப் பத்திரங்களில் வரும் நிபந்தனைகளை வரி வரியாகப் படிப்பது என் வேலை. கொஞ்ச நாளாக ஒரு படிவத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் படிக்கிறேன்.

என் மாமா தோட்டப் பாடசாலையில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். சீனி வருத்தத்தில் பார்வை போய்விட்டது. மடிக்கணினியில் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானைப் போட்டுக் கொடுத்திருந்தேன். ஒரு நாள் நான் பக்கத்தில் இருக்கும்போதே ஓர் அலுவலகத்தின் தமிழ் விண்ணப்பப் படிவத்தை இறக்கித் திறந்தார். முதல் கட்டத்தில் ‘பெயர்’ என்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. கணினியோ ‘என் ஜி ஏ எச்’ என்றது. அடுத்த கட்டத்திலும் இதே கதை. “மாப்ள, இது என்னா பாஷ?” என்று கேட்டார்.

அது பாமினி எழுத்துருவில் தட்டிய படிவம். பாமினியில் நாம் பார்க்கும் தமிழ், ஆங்கில எழுத்துக்களுக்குப் போட்ட சட்டை மாதிரி. கோப்புக்குள்ளே இருப்பது என், ஜி, ஏ, எச் என்ற நான்கு எழுத்துத்தான். பார்க்கிறவருக்குத் தமிழாக இருப்பது கேட்கிறவருக்கு ஒன்றுமே இல்லை. தமிழ் எழுத்துக்கே தனிக் குறியீடு உள்ள யூனிகோடில் தட்டியிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது.

அரசுக்கு வேலை செய்யும் நிறுவனங்களிடம் டிஜிட்டல் அணுகல் வசதியை, அதாவது மாற்றுத்திறனாளிகளும் தளத்தைப் பயன்படுத்த முடிவதை, அமெரிக்கா ஒரு விதமாகக் கேட்கிறது, ஐரோப்பா ஒரு விதமாக, இந்தியா இன்னொரு விதமாக. மூன்றுக்கும் அடிப்படை டபிள்யூசிஏஜி என்ற இணைய அணுகல் வழிகாட்டி நெறிகள்தான். 2.0 பதிப்பு 2008இல் வந்தது, 2.1 2018இல், 2.2 2023இல். மூன்று தரப்பும் கேட்பது அதன் மூன்று நிலைகளில் நடுவில் உள்ள இரட்டை ஏ நிலையை. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற நிற வேறுபாடு, சுட்டி இல்லாமல் விசைப்பலகையால் மட்டும் எல்லாவற்றையும் செய்ய முடிதல், பக்கத்தின் மொழி இன்னதென்று நிரலில் குறித்தல் எல்லாம் அதற்குள் அடக்கம். அப்படியானால் வித்தியாசம் எங்கே? யார் கையெழுத்துப் போடுகிறார், யார் சோதிக்கிறார், பிழை வந்தால் யாரிடம் சொல்வது என்பதில்தான்.

அமெரிக்க வழி: நீயே சொல்

அங்கே மறுவாழ்வுச் சட்டத்தின் 508ஆம் பிரிவுதான் ஆதாரம். திருத்திய தரநிலை 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அது எடுத்துக்கொண்டது 2.0 பதிப்பை. விற்கிற நிறுவனம் விபாட் என்ற மாதிரிப் படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு விதிக்கும் எதிரே ‘நிறைவேற்றுகிறது’, ‘பகுதியளவு நிறைவேற்றுகிறது’, ‘நிறைவேற்றவில்லை’, ‘பொருந்தாது’ என்று ஒரு பதில், பக்கத்தில் விளக்கத்துக்கு ஒரு பத்தி.

படிவம் என்ற அளவில் இது எனக்குப் பிடிக்கும். வாங்குகிறவருக்கு எங்கே ஓட்டை என்று ஒரே பார்வையில் தெரியும். ஆனால் நிரப்புகிறவர் விற்கிறவரே. இதே பாணியில் எழுதிய ஒரு நிபந்தனைக்கு நாங்கள் ஒருமுறை விலைமனு போட்டோம். வரைபடப் பகுதி விசைப்பலகைக்கு முழுதாக ஒத்து வராது என்று தெரிந்ததால், அந்த இடத்தில் ‘பகுதியளவு’ என்று எழுதி, எப்போது சரி செய்வோம் என்றும் குறித்தோம். இன்னொரு நிறுவனம் எல்லா வரிசைக்கும் ‘நிறைவேற்றுகிறது’ என்று போட்டிருந்தது. விளக்கப் பத்தி முழுக்க வெறுமை. வேலை அவர்களுக்குப் போனது. அந்தத் தளத்தைப் பிறகு நான் திறந்து தாவல் விசையை மட்டும் அழுத்திப் பார்த்தேன்; மூன்றாவது அழுத்தலிலேயே பட்டியலுக்குள் மாட்டிக்கொண்டு வெளியே வர முடியவில்லை. உண்மையை எழுதினவருக்குப் புள்ளி குறைகிறதென்றால் அடுத்த முறை யார் உண்மையை எழுதுவார்? அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மாமாவின் படிவத்தை இந்த வழி பிடித்திருக்குமா? விதிப்படி பார்த்தால் பிடிக்க வேண்டும். எழுத்து என்றால் மென்பொருளால் எழுத்தாக அறிய முடிவதும் மனித மொழியில் ஏதாவது சொல்வதும்தான் என்பது டபிள்யூசிஏஜியின் வரைவிலக்கணம். ‘என் ஜி ஏ எச்’ எந்த மொழியிலும் எதையும் சொல்லாது. ஆனால் தமிழில் ஒருவர் கேட்டுப் பார்த்தால்தான் அது தெரியவரும். தானியங்கிச் சோதனைக் கருவிக்கு அது நல்ல நிறத்தில் இருக்கும் ஆங்கில எழுத்து, அவ்வளவுதான். நூற்றுக்கு நூறு போட்டுவிடும்.

ஐரோப்பிய வழி: கதவைத் திறந்து வை

ஈஎன் 301 549 என்பது பொதுப் பெறுகைக்காகவே எழுதிய தரநிலை. 2021 பதிப்பு டபிள்யூசிஏஜி 2.1ஐ எடுத்துக்கொண்டு அதோடு நிற்காமல், பிடிஎஃப் போன்ற ஆவணங்களுக்குத் தனி அத்தியாயம், மென்பொருளுக்குத் தனி, உதவி மேசைக்கும் கையேட்டுக்கும் தனி என்று விரிகிறது. பயனரை அடையாளம் காண ஒரே ஒரு உடற்கூற்றை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. கொழுந்து பறித்துத் தேய்ந்த விரல்களை ரேகை எந்திரத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். (508இலும் இதே போன்ற விதி உண்டு, இரண்டு வெவ்வேறு உடற்கூறுகளைக் கொடுத்தால் போதும் என்று விலக்கும் உண்டு.)

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 2016ஆம் ஆண்டின் ஐரோப்பிய இணைய அணுகல் பணிப்புரை. அரச தளம் ஒவ்வொன்றும் எது சரியில்லை என்று தானே ஓர் அறிக்கை வெளியிட வேண்டும், முறைப்பாடு சொல்ல வழி வைக்க வேண்டும், அரசும் காலத்துக்குக் காலம் சோதிக்க வேண்டும். ‘இது என்னா பாஷ’ என்ற கேள்வி போய்ச் சேர ஓர் இடம் இருக்கிறது. எங்கள் பக்கம் அந்தக் கேள்வி மாமா வீட்டு முற்றத்தோடு நின்றுவிட்டது.

குறை என்றால் அதன் பருமன். நான்கு பேர் உள்ள நிறுவனம் அதை முழுதாகப் படித்து முடிப்பது கஷ்டம். தேவையான அத்தியாயங்களைப் பெறுகைக் குழு தானே குறித்துக் கொடுத்தால்தான் பயன்.

இந்திய வழி: முத்திரை வாங்கு

ஜிஐஜிடபிள்யூ என்ற அரச தள வழிகாட்டியின் மூன்றாம் பதிப்பு 2023இல் வந்தது. எஸ்டிகியூசி என்ற அரச நிறுவனம் சோதித்துச் சான்றிதழ் தரும். வெளி ஆள் பார்க்கிறார் என்பது பெரிய பலம். இந்திய மொழிகளோடு மாரடித்தவர்கள் எழுதியது என்பதால் யூனிகோடைப் பற்றியும் பேசுகிறது; மற்ற இரண்டிலும் அந்தச் சொல்லைத் தேட வேண்டும். ஆனால் சான்றிதழ் ஒரு நாளின் படம். அடுத்த வாரம் ஓர் எழுதுவினைஞர் பழைய பாமினி சுற்றறிக்கையை ஏற்றினால் முத்திரை அப்படியே இருக்கும், படிவம் மறுபடி ஊமையாகிவிடும்.

அங்கே நீதிமன்றமும் உண்டு. அமில வீச்சில் கண்ணிமை பாதிக்கப்பட்டவர்கள், கண் சிமிட்டச் சொல்லும் டிஜிட்டல் அடையாளச் சோதனையைத் தாண்ட முடியவில்லை என்று வழக்குப் போட்டார்கள். டிஜிட்டல் அணுகல் வாழும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. இங்கே மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இணையம் பரவும் முன் எழுதியது. ஆனால் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐநா உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது; அதன் 9ஆம் உறுப்புரை தகவல் தொழில்நுட்பத்தையும் சேர்த்தே சொல்கிறது. பெறுகைக் குழுவுடன் பேசும்போது நான் இதைத்தான் முன்வைக்கிறேன்.

நான்காவதாக ஒன்றும் விற்கிறார்கள்: ஒரு வரி நிரல் போட்டால் தளத்தின் ஓரத்தில் சக்கர நாற்காலிச் சின்னம் வரும், எல்லாம் சரியாகிவிடும் என்று. வாங்காதீர்கள். இப்படி விற்ற அக்செசிபி நிறுவனம் மிகைப்படுத்திச் சொன்னதற்காக 10 இலட்சம் டொலர் கட்ட வேண்டுமென அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு 2025இல் உத்தரவிட்டது. பாமினியை அந்தச் சின்னம் தொடக்கூட முடியாது.

என் தெரிவு ஐரோப்பிய தரநிலையை முதுகெலும்பாக வைப்பது: இணையம், ஆவணம், உதவி மேசை ஆகிய மூன்று அத்தியாயங்கள் மட்டும். விபாட்டையும் கேட்கலாம், ஆனால் விளக்கப் பத்தி வெறுமையாக இருந்தால் அந்தப் பதிலுக்குப் புள்ளி இல்லை என்று முதலிலேயே அறிவிக்க வேண்டும். தமிழுக்கும் சிங்களத்துக்கும் யூனிகோட் கட்டாயம், பிடிஎஃப்புக்கும் சேர்த்து. பக்கத்தில் மொழி மாறும் ஒவ்வொரு இடத்திலும் மொழிக் குறி.

அண்மையில் ஓர் அலுவலகம் கருத்துக் கேட்டபோது இதற்கு மேல் ஒரு பந்தியும் சேர்த்துக் கொடுத்தேன்: “இறுதித் தவணைக் கொடுப்பனவுக்கு முன், தமிழில் திரைவாசிப்பான் பயன்படுத்தும் விழிப்புலனற்ற ஒருவர், கொடுப்பனவு பெற்று, அலுவலக உத்தியோகத்தர் ஒருவர் முன்னிலையில், எவருடைய உதவியும் இன்றி விண்ணப்பப் படிவத்தை முதலிலிருந்து கடைசிவரை நிரப்பிச் சமர்ப்பிக்க வேண்டும். அவர் நின்றுபோகும் இடங்களை நிறுவனம் தன் செலவில் திருத்தி, சோதனையை மீண்டும் நடத்த வேண்டும்.”