தேள் முத்திரையை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள்

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் பழைய காருக்குப் பாகம் தேடி அலைகிறவர்கள் பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 46,000 ரூபாய் போய்விட்டது.

பெரியப்பா விட்டுப்போன எம்.ஜி.பி. என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் பாளையங்கோட்டை வீட்டில் நிற்கிறது. சைலன்சர் மக்கி உதிர்ந்துவிட்டது. தூத்துக்குடி வியாபாரி ஒருவர், அறுபதுகளில் வந்த அபார்த் சைலன்சரும் அதற்குச் சேர்ந்த மேனிஃபோல்டும் (எஞ்சினின் புகையைச் சைலன்சருக்குக் கொண்டுபோகும் குழாய்கள்) இருப்பதாகப் படம் அனுப்பினார். கார்லோ அபார்த் 1949இல் இத்தாலியில் தொடங்கிய கம்பெனி, அதன் அடையாளம் தேள். அதைப் படத்தில் பார்த்ததும் வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. முழுப் பணத்தையும் ஜிபேயில் போட்டேன்.

பார்சல் வந்ததும் வண்ணார்பேட்டையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். வெளியே நல்ல துரு. அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் வால் குழாய்க்குள் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தார். விரலில் பொட்டுக் கரி இல்லை. “தம்பி, இது ஒரு நாள்கூட புகை பார்க்கல” என்றார். அப்புறம் ரிவெட்டைத் தட்டித் தேள் தகட்டைக் கழற்றினார். அதன் அடியிலும் அதே துரு. பெயின்ட் அடித்துத் தகடு பதித்த பழைய சாமான் என்றால் அடியில் பெயின்ட் தடமாவது இருக்கும். உப்புத் தண்ணீர் ஊற்றித் துருப்பிடிக்க வைத்துவிட்டு, அதன் மேல் தகட்டை அடித்திருக்கிறார்கள்.

மேனிஃபோல்டு இன்னும் மோசம். எம்.ஜி.பி.யின் 1798 சிசி எஞ்சினுக்குச் சிலிண்டர் நாலு, ஆனால் ஹெட்டில், அதாவது சிலிண்டர்களை மேலே மூடும் பாகத்தில், புகை வெளியேறும் வாய் மூன்றுதான். நடுவில் இருக்கும் இரண்டு சிலிண்டரும் ஒரே வாயைப் பங்கு போட்டுக்கொள்ளும். எனக்கு வந்ததில் நாலு குழாய்! பக்கவாட்டில் எடுத்த படம் என்பதால் அது தெரியவில்லை. ஹெட்டுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் புகை கசியாமல் வைக்கும் பழைய கேஸ்கெட்டை வைத்துப் பார்த்தோம், ஒரு ஓட்டைகூடச் சரியாக உட்காரவில்லை.

வியாபாரியைக் கூப்பிட்டேன். “பழைய சாமான், திருப்பி எடுக்க மாட்டோம்” என்றார். மறுநாள் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன்.

வாங்குவதாக இருந்தால் ஹெட்டில் பொருந்தும் முகப்பை, மேலே கேஸ்கெட்டை வைத்து நேராகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வால் குழாயின் உட்பக்கத்தை டார்ச் அடித்து வீடியோ கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். போன வாரம் மதுரை நண்பர் ஒருவருக்கும் இதே படம் வந்திருக்கிறது. தேள் தகட்டுக்கு இடது பக்கம் கட்டைவிரல் அளவுக்கு ஒரு நசுங்கல் தெரியும். அந்தச் சைலன்சர் இப்போது அண்ணாச்சி பட்டறையில்தான் கிடக்கிறது.