'குற்றப் பதிவை அழித்துத் தருகிறேன்' என்று வருபவரிடம் பணம் கொடுக்காதீர்கள்

மட்டக்களப்பு மாவட்டத்து நீதிமன்ற வாசல்களில், கையில் கோப்புக் கட்டோடு திரியும் தரகர்கள் சிலர் இருக்கிறார்கள். சட்டத்தரணிகள் அல்லர், 'ஐயாவின் ஆள்' என்பார்கள். எந்த ஐயா என்று கேட்டால் பேச்சு மாறிவிடும். அப்படி ஒருவர் என் அக்கா மகனிடம் இரண்டு தடவை பணம் பறித்திருக்கிறார்.

களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு வேலித் தகராறு. அயலவர் மண்வெட்டிப் பிடியை ஓங்கிக்கொண்டு வர, மருமகன் தள்ளிவிட்டான். விழுந்தவருக்குக் கையில் காயம். தண்டனைச் சட்டக் கோவையின் 314 ஆம் பிரிவின் கீழ், வேண்டுமென்றே காயம் விளைவித்ததாக வழக்கு. அதே கோவையின் 89 ஆம் பிரிவு, தற்காப்புக்காகச் செய்தது குற்றமல்ல என்கிறது. கண்ணால் கண்ட சாட்சிகளும் இருந்தார்கள். தரகர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஒத்துக்கொள் தம்பி, தண்டப்பணத்தோடு முடிந்துவிடும். வழக்காடினால் ஆண்டுக்கணக்கில் இழுபடும்."

சட்டத்தரணிக்கு என்று 40,000 ரூபாய் வாங்கினார். வழக்கு அழைக்கப்பட்டபோது அவனுக்காக எந்தச் சட்டத்தரணியும் எழுந்து நிற்கவில்லை. பயந்துபோயிருந்த பிள்ளை தனியே நின்று ஒத்துக்கொண்டான். தண்டப்பணம் கட்டி வீட்டுக்கு வந்தான். எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்தோம்.

கட்டாரில் வேலை சரிவந்து, பொலிஸ் நற்சான்று அறிக்கை எடுத்தபோதுதான் குற்றத்தீர்ப்பு அதில் பதிவாகி வந்தது. தண்டப்பணம் கட்டியதும் வழக்குத்தான் முடிகிறது, தீர்ப்பு இருந்துகொண்டே இருக்கிறது. ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையும் இப்படித்தான். ஊரில் 'விட்டுவிட்டார்கள்' என்று வெடி கொளுத்துவார்கள். ஆனால் தண்டனையை ஒத்திவைத்திருக்கும் காலம் குறைந்தது 5 ஆண்டுகள், அதற்குள் சிறைத்தண்டனைக்குரிய இன்னொரு குற்றம் செய்தால் பழைய தண்டனையும் சேர்ந்து தலையில் விழும்.

பழைய தரகர் மறுபடியும் வந்தார். கொழும்பில் பொலிஸ் தலைமையகத்தில் தனக்கு ஆள் இருக்கிறதாம், பதிவை அழித்துவிடலாமாம். 75,000 ரூபாய். அக்கா தோட்டை அடகு வைத்து வங்கியில் போட்டார். அதன்பின் தரகருடைய தொலைபேசி வேலை செய்யவில்லை.

சட்ட உதவி ஆணைக்குழுவில் ஒரு சட்டத்தரணி கோப்பைப் பார்த்துவிட்டுச் சொன்னதைக் கேட்டபோதுதான் வயிறு எரிந்தது. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக் கோவையில் 306 ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. குற்றச்சாட்டு நிரூபணமானாலும், ஆளின் வயது, முன்னைய நடத்தை, குற்றத்தின் சிறுமை ஆகியவற்றைப் பார்த்து, குற்றவாளியாகத் தீர்க்காமலேயே நீதவான் விடுவிக்கலாம். முதல் வழக்கில் நிற்கும் ஓர் இளைஞனுக்காக அதைக் கேட்க ஒரு வாய் வேண்டும், அவ்வளவுதான். குற்றத்தை ஒத்துக்கொண்ட பிறகு மேன்முறையீட்டு வழியும் பெரிதும் சுருங்கிவிடுகிறது.

ஆகவே, குற்றப்பத்திரம் கைக்கு வந்ததும் அதில் உள்ள பிரிவு இலக்கத்தைப் பாருங்கள். சட்டத்தரணியை நேரில் கண்டு பேசாமல் எவரிடமும் பணம் கொடுக்காதீர்கள், பற்றுச்சீட்டுக் கேளுங்கள். வசதியில்லாதவர்களுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் சட்ட உதவி ஆணைக்குழு நிலையங்கள் இருக்கின்றன. சிறு கைகலப்பு என்றால் மத்தியஸ்த சபையில் தீர்க்க முடியுமா என்றும் விசாரியுங்கள். அங்கே செலவு மிகக் குறைவு.

வங்கிப் பற்றுச்சீட்டு அக்காவிடம் இருந்ததால் ஏமாற்றியதாகப் பொலிஸில் முறைப்பாடு செய்திருக்கிறோம். பாதிப் பணம் தருகிறேன், வாபஸ் வாங்குங்கள் என்று தரகர் இப்போது ஆள் அனுப்புகிறார். முழுப் பணமும் வரட்டும். முறைப்பாடு அப்படியே இருக்கும்.